நாலாவது கியரை நம்பி மலை இறங்காதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு ஓவர்டிரைவ் பெட்டி, அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்ற நாலாவதாக ஒரு கியர் உள்ள கியர்பாக்ஸ், பூட்டக் கேட்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பேசுவது நாலாவது கியரைப் பற்றித்தான். அதிலும் நியாயம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி கோவை, சேலம் என்று ஓடும்போது எஞ்சின் இரைச்சல் நன்றாகவே அடங்கும். ஆனால் கார் நிற்பது ஊட்டியிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ என்றால், சமவெளியைத் தொடும்வரை அந்த நாலாவது கியருக்கு வேலையே இல்லை. மலையில் பெட்டியின் லட்சணம் தெரிவது இரண்டு இடங்களில்: கீழ் கியரில் இறங்கும்போது, பிறகு ஆயிலின் சூட்டில்.

1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை செவர்லே கார்வெட்டை வைத்துப் பேசுவோம். அதில் பெரும்பாலும் டர்போ-ஹைட்ராமேட்டிக் 350 அல்லது 400 பெட்டி இருக்கும். மாற்றாகப் போடுவது ஜெனரல் மோட்டார்ஸின் 200-4ஆர் அல்லது 700ஆர்4. பின் ஆக்ஸிலின் விகிதம் 3.36 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.36 சுற்று), டயர் உயரம் 27 அங்குலம் என்று வைத்தால், பழைய பெட்டியில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2600 சுற்று சுற்றும். 700ஆர்4-இன் 0.70 ஓவர்டிரைவில் அது 1820 ஆகும், 200-4ஆரின் 0.67-இல் 1740. விற்கிறவர்கள் காட்டும் கணக்கு இதோடு முடிந்துவிடும்.

நாங்கள் முதலில் பார்ப்பது மறுமுனையை. முதல் கியரின் விகிதம் 350-இல் 2.52, 200-4ஆரில் 2.74, 700ஆர்4-இல் 3.06. கொண்டை ஊசி வளைவில் ஏற 3.06 பிரமாதமாகத் தோன்றும். ஆனால் அடுத்த கியர் 1.63. முதல் கியரில் 3000 சுற்றில் இருக்கும் எஞ்சின் இரண்டாவதில் 1600-க்கு விழும். ஊட்டியின் உயரம் 2240 மீட்டர். காற்றின் அடர்த்தி அங்கே கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சின் பலமும் அதே கணக்கில் குறையும். 1600 சுற்றில் இழுக்க முடியாமல் பெட்டி மறுபடி முதல் கியருக்கு வரும், உடனே இரண்டுக்குப் போகும், திரும்பவும் வரும். இந்த ஊசலாட்டம்தான் கிளட்ச் பிளேட்டுகளைத் தின்கிறது. 200-4ஆரில் அதே 3000 சுற்று 1720-க்குத்தான் இறங்கும். வித்தியாசம் சின்னதுதான். பர்லியார் ஏற்றத்தில் அது காலுக்கே தெரியும்.

நீளமும் 200-4ஆர் பக்கமே பேசுகிறது. மொத்த நீளத்தில் அது குட்டை வால் (பின்முனைக் கூடு) உள்ள 350-க்குச் சமம், பெட்டியைத் தாங்கும் பின் மவுன்ட் விழும் இடம் 400-இன் இடம். 700ஆர்4 சுமார் மூன்று அங்குலம் கூடுதல். பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் பார்க்கவேண்டும், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரையும் நகர்த்தவேண்டும். 400 இருந்த காரில் 200-4ஆர் போட்டால் ஷாஃப்ட்டைப் பெட்டியோடு இணைக்கும் முன் யோக்கை மட்டும் மாற்றவேண்டும். பழையது 32 பல், புதியது 27 பல். பெரிய பிளாக் எஞ்சினோ, கால் கனமான ஓட்டுநரோ என்றால் 700ஆர்4 எடுக்கலாம். அதிலும் 1987-க்குப் பிந்தையதாக இருக்கட்டும். 1984 வரை வந்தவற்றின் இன்புட் ஷாஃப்ட் 27 பல், அது பலவீனமானது. ஆயில் பம்பும் 1987-இல்தான் தேறியது.

எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இந்த வம்புக்கே போகவேண்டாம். அதன் மேனுவல் பெட்டிக்கு லேகாக் நிறுவன ஓவர்டிரைவ் அந்தக் காலத்திலேயே உண்டு. ஒரு சுவிட்ச், ஒரு சோலனாய்டு, வேலை முடிந்தது.

வெட்டுவதற்கு முன் ஆர்சி புத்தகத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டியின் சேசிஸ், உடல்கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. இருந்தால் விண்டேஜ் வண்டிகளுக்கான 'விஏ' வரிசைப் பதிவு எண் கேட்கும்போது சிக்கல். கியர்பாக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஃபைபர் உடலில் பெட்டி மேல் கவியும் டனலை அறுத்தாலோ, பற்றவைத்த கிராஸ்மெம்பரை நறுக்கினாலோ அந்தப் பட்டியலுக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். தொழிற்சாலையிலேயே ஆட்டோமேட்டிக்காக வந்த கார்வெட்டில் கிராஸ்மெம்பர் போல்ட்டில்தான் நிற்கும், கழற்றலாம். மேனுவலாக வந்ததில் வெல்டிங். ஆகவே மேனுவல் காரை ஆட்டோவாக்கக் கேட்டால் நாங்கள் இரண்டு தடவை யோசிக்கச் சொல்வோம். பழைய பெட்டியை ஆயிலோடு மூடிக்கட்டி வைத்திருங்கள், பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பூட்டுவதில் அடிக்கடி உடைவது ஆயில் பம்ப். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரைப் பெட்டியில் ஏற்றும்போது சுற்றிச் சுற்றித் தள்ளவேண்டும்; அது படிப்படியாக உள்ளே இறங்கி, கடைசியில் பம்ப் பல்லில் உட்காரும். பெல் ஹவுசிங் (பெட்டியின் முன் கூடு) போல்ட்டுகளைக் கையாலேயே எஞ்சினோடு சேர்த்த பிறகு, எஞ்சின் பக்கத் தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வர்ட்டர் காதுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கவேண்டும். கன்வர்ட்டர் கையில் சுலபமாகச் சுற்றவும் வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் அது உட்காரவில்லை என்று அர்த்தம். அப்படியே போல்ட்டை இறுக்கினால் எஞ்சினைத் தட்டும் முன்பே பம்ப் போய்விடும்.

பெட்டியைக் கொல்வதில் முதலிடம் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளுக்கு. கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் இந்தக் கம்பியைப் பலர் கிக்டவுன் கம்பி (முழுதாக மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறக்குவது) என்று நினைத்துக் கொஞ்சம் தளர்வாக விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது பெட்டிக்குள் ஆயில் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறினால்தான் கிளட்ச் பிளேட்டுகள் இறுக்கிப் பிடிக்கும். கம்பி தளர்ந்தால் கியர் சீக்கிரமும் மென்மையாகவும் விழும். ஓட்டுகிறவருக்கு அது சுகமாக இருக்கும். உள்ளே பிளேட் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு மலையேற்றம் போதும்.

சரிசெய்யும் முறை இது. எஞ்சினை நிறுத்துங்கள். கேபிள் முனையில் உள்ள பூட்டை அழுத்தி, ஸ்லைடரை உள்ளே பின்னோக்கித் தள்ளி விடுங்கள். ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பெடலைத் தரைவரை மிதிக்கட்டும். ஸ்லைடர் தானே டிக்டிக் என்று நகர்ந்து நிற்கும். த்ராட்டிலைக் கையால் திறந்து செய்யவேண்டாம். கார்ப்பெட் தடித்திருந்தாலோ பெடல் இணைப்பு தேய்ந்திருந்தாலோ காலுக்கும் கைக்கும் கணக்கு ஒத்துவராது. இதைவிட முக்கியம் வடிவம். கார்புரேட்டரில் கேபிள் மாட்டும் ஊசி, த்ராட்டில் ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 1.125 அங்குலத்தில் இருக்கவேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் அப்படித்தான் இருக்கும். வேறு கார்புரேட்டர் மாட்டிய காரில் அதற்கான பிராக்கெட் வாங்காமல் ஏதோ ஒரு ஓட்டையில் கொக்கி போட்டால் ஆரம்பமும் முடிவும் சரியாக இருக்கும், நடுவில் அழுத்தம் தவறும். கேஜ் ஒன்றைப் பெட்டியின் பிரஷர் துளையில் மாட்டி, கேபிளை இழுக்க இழுக்க முள் சீராக ஏறுகிறதா என்று பார்க்காமல் காரை வெளியே எடுக்கக்கூடாது.

இந்தக் கேபிளால் மலைக்காரர்களுக்கு ஒரு லாபமும் உண்டு. பழைய 350, 400 பெட்டிகள் எஞ்சினின் வேக்குவத்தை (உறிஞ்சும் வெற்றிடத்தை) பார்த்துத்தான் பளுவை அறியும். ஆயிரம் அடி ஏறினால் வேக்குவம் பாதரசக் கணக்கில் ஓர் அங்குலம் போல் குறையும். ஊட்டி உயரத்தில் ஏழு அங்குலம் காணாமல் போய்விடும். பெட்டி அதைப் பெரும்பளு என்று எண்ணி, கியரைத் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் போடும். கேபிளுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் லாக்கப் வயரிங்கில், அதாவது கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டும் மின் இணைப்பில், அதே வேக்குவம் திரும்ப வந்து மாட்டிக்கொள்ளும். ஓவர்டிரைவில் கன்வர்ட்டர் லாக் ஆகவில்லை என்றால் வழுக்கல் எல்லாம் சூடாகிவிடும். சந்தையில் கிடைக்கும் கிட்டுகளில் வேக்குவம் சுவிட்ச் ஒன்று தொடரில் வரும். அதைக் கோவையில் சரிவைத்து ஊட்டிக்குக் கொண்டுவந்தால் லாக்கப் விழவே விழாது. சுவிட்சின் திருகை மேலேயே வைத்து அமைக்கவேண்டும். பிரேக் சுவிட்ச் வழியாக மின்சாரம் துண்டிக்கப்படுவது கட்டாயம், இல்லாவிட்டால் நிறுத்தும்போது எஞ்சினும் நின்றுவிடும்.

சூடு பற்றி. ஆயில் 80 டிகிரியில் இருந்தால் கவலையில்லை. 115 தாண்டினால் உள்ளே பிசின் படியும், 127-இல் சீல்கள் இறுகத் தொடங்கும். சீசனில் வாகனங்களைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும்போது கல்லாறிலிருந்து நத்தை வேகத்தில் ஊர்ந்து ஏறவேண்டியிருக்கும். காற்றோட்டமே இராது. ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் மட்டும் போதாது. தனியாகத் தட்டு அடுக்குக் கூலர் ஒன்றும், முடிந்தால் மின்விசிறியும், பெட்டியின் அடியிலுள்ள ஆயில் தட்டான பானில் சூடுமானியும் வையுங்கள். குழாய்கள் எஃகாக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸை ஆயிலுக்கு மாட்டுகிறவர்களைப் பார்க்கிறோம், அது மெதுவாக ஊறி வெடிக்கும்.

ஆயில் அளவை எஞ்சின் ஓட, சூடான பிறகு, சமதளத்தில், லீவர் பார்க்கில் இருக்கும்போது பார்க்கவேண்டும். மலையில் சமதளம் என்பது அரிய பொருள். பட்டறைத் தரையே சாய்ந்திருக்கும். சேசிஸ் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு டிப்ஸ்டிக்கை உருவுங்கள். 700ஆர்4 காலியாக இருந்தால் கன்வர்ட்டரோடு பத்து லிட்டருக்கு மேல் குடிக்கும். பானை மட்டும் இறக்கினால் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

லீவர் தகட்டையும் மாற்றுங்கள். பழைய ஷிஃப்டரில் ஓரிடம் குறைவு. அப்படியே விட்டால் ஒரு முனையில் '1' எட்டாது, அல்லது மறுமுனையில் பார்க் முழுதாக விழாது. சரிவில் நிறுத்திய கார் தானாக நகர்வதற்கு இதுவே போதும்.

இனி இறக்கம். லீவரை ஓவர்டிரைவில் விட்டு இறங்கினால், கால் எடுத்த நொடியில் பெட்டி நாலாவதுக்குப் போய்விடும், எஞ்சின் பிடிக்காது. 700ஆர்4-இல் இன்னொரு குணம் உண்டு: லீவர் ஓவர்டிரைவில் இருக்கையில், அது கீழ் கியர்களில் இருந்தாலும் கால் எடுத்தால் உள்ளே ஸ்ப்ராக் என்ற ஒருவழிக் கிளட்ச் விலகி, சைக்கிள் போல் சும்மா உருளும். 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்ற பலகையை 700ஆர்4 வைத்திருப்பவர்கள் '2' இடத்துக்கு லீவரை இழுத்துத்தான் மதிக்கமுடியும். அதுவும் எல்லா இடத்திலும் போதாது. 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி மலைப்பாதையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது 200-4ஆரின் இரண்டாவது கியரில் எஞ்சின் சுற்று ஏறக்குறைய ஆயிரம்தான். அது ஐடிலுக்குக் கொஞ்சம் மேல், அதிலும் கன்வர்ட்டர் பாதியை வழுக்கித் தின்றுவிடும். முதல் கியரில் அதே வேகத்துக்கு 1780 வரும். எனவே பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு '1'-க்கு இழுங்கள். வேகமாகப் போகும்போது இழுத்து எஞ்சினை அலறவைக்காதீர்கள். பூஸ்டர் உள்ள கார்களில் பிரேக்கும் வேக்குவத்தை நம்பியதே என்பதால், உயரத்தில் பெடல் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும்.

புதிதாகப் பூட்டிய காரை எடுத்த எடுப்பில் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கவேண்டாம். ஊட்டியைச் சுற்றி எமரால்டு பக்கம் ஓட்டி, கியர் விழும் இடங்களையும் சூடுமானியையும் கவனியுங்கள். அடுத்து குன்னூர் வரை போய்த் திரும்பி, கீழே படுத்து யோக், பான், கூலர் இணைப்பு மூன்றிலும் கசிவு பாருங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் பானை இறக்குங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் இயல்பு. கருப்புத் துணுக்குகளும் கருகிய வாடையும் வந்தால் பிளேட் போகிறது, டிவி கேபிளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பித்தளை மினுக்கம் தெரிந்தால் புஷ்ஷோ வாஷரோ அரைபடுகிறது. அந்தப் பெட்டியை இறக்கித்தான் ஆகவேண்டும்.