சாலை விபத்தில் எலும்பு முறிந்தவர்களுக்கு: 48 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட எவருக்கும், வருமானமோ சொந்த மாநிலமோ பாராமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிப்பதற்காக 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டுமே இது செல்லும். ஆகவே ஆட்டோவிலோ காரிலோ கொண்டு செல்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே, அந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளதா என்று கேட்டுவிட வேண்டும். சாரத்திலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து எலும்பு முறிந்தவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது.

உண்மையான சிக்கல், எலும்பு முறிவின் சிகிச்சை 48 மணி நேரத்தில் முடிவதில்லை என்பதுதான். தோல் கிழியாத தொடை எலும்பு முறிவு என்றால், நோயாளியின் நிலை சீராக இருக்கும்போது, எலும்பின் உள்ளே கம்பி செலுத்தித் திருகாணிகளால் பூட்டும் அறுவை சிகிச்சையை ஓரிரு நாளில் செய்துவிடலாம். ஆனால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், பெரும்பாலும் முதல் நாளில் புண்ணைக் கழுவி, சிதைந்த தசையை அகற்றி, காலுக்கு வெளியே சட்டம் பொருத்தி எலும்பை அசையாமல் நிறுத்துவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நிலையான கம்பியோ தகடோ வைப்பதும், தசையும் தோலும் எடுத்துப் புண்ணை மூடுவதும் பெரும்பாலும் அதற்குப் பின்னர்தான். செலவு மிகுந்த பகுதி அதுவே. முதல் அறுவை இலவசமாக முடிந்த நிம்மதியில் இருந்த குடும்பங்கள், மூன்றாம் நாள் காலையில் கட்டணச் சீட்டோடு திகைத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆகவே முதல் நாளிலேயே ஒருவர் நோயாளியுடன் இருக்க, மற்றொருவர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு அலைய வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் கூட்டத்துக்குச் சென்றுவிட்டார் என்பார்கள். பதிவு மையத்தில் நோயாளியே நேரில் வர வேண்டும் என்பார்கள். கால் முறிந்து கிடப்பவரை எப்படித் தூக்கி வருவது என்று கேட்டால் பதில் இராது. உள்நோயாளியாக இருக்கிறார் என்று மருத்துவமனையின் முத்திரையிட்ட கடிதம் ஒன்றை முன்கூட்டியே வாங்கிச் செல்லுங்கள். மணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலேயே நீடிப்பதால் திருப்பி அனுப்பப்படுவோரும் உண்டு. அந்த வீட்டாரின் அட்டையில் காப்பீடு இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

அட்டை கிடைத்த பின்னரும், “கம்பிக்கும் தகட்டுக்கும் தனியாகக் கட்டுங்கள்” என்று கேட்டால், வாய்ப்பேச்சை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவமனையில் இருக்கும்போதே புகார் செய்யுங்கள். வீடு திரும்பிய பின் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். விபத்துப் பதிவேட்டின் நகலையும், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களையும் கையில் வாங்காமல் புறப்படாதீர்கள். இழப்பீட்டு வழக்குக்கு அவை தேவைப்படும்.