அறுபத்துநான்கு கணினிக்கும் ஒரே குறிப்பு

ஒரு கிளஸ்டரில் (ஒன்றாக இணைந்து வேலைசெய்யும் கணினித் தொகுதியில்) 64 கணினிகள். ஆய்வாளர் ஒருவர் வந்து எஃப்எஃப்டிடபிள்யூ (FFTW) என்ற கணக்கீட்டு மென்பொருள் நூலகம் வேண்டும் என்கிறார். ஒவ்வொன்றிலும் நுழைந்து நிறுவ ஒரு வரி ஸ்கிரிப்ட் போதும். சரி, அன்றைக்கு இரண்டு கணினிகள் பழுதாகி அணைந்து கிடந்தால்? அடுத்த வாரம் அவை நூலகம் இல்லாமலே திரும்பி வரும். அதில் ஒன்று "கோப்பைக் காணோம்" என்று விழுந்ததும், 64-இலும் சேர்ந்து ஓடவேண்டிய எம்பிஐ வேலை (கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறி நடத்தும் கணக்கீடு) முழுவதும் நின்றுபோகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொய்த்துவிடுகிறது.

சான் டியேகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில் 2000-இல் பிறந்த ராக்ஸ் என்ற கிளஸ்டர் மென்பொருள், இதற்குத் துணிச்சலான வழியைக் காட்டியது. கணினியைத் திருத்தாதே, அழித்துவிட்டு மறுபடி நிறுவு.

கூடுதல் மென்பொருளின் ஆர்பிஎம் கோப்பை (நிறுவும் பொதியை), கிளஸ்டரை நிர்வகிக்கும் தலைமைக் கணினியான ஃப்ரண்ட்எண்டின் 'கான்ட்ரிப்' அடைவில் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது. 'எக்ஸ்டெண்ட்-கம்ப்யூட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் அதன் பெயரையும் எழுதவேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். அமைப்பு மாற்றங்கள் அதே கோப்பில், நிறுவல் முடிந்தபின் ஓடும் 'போஸ்ட்' பகுதிக்குப் போகும். ஒரு குறியை மூட மறந்தாலும் கோப்பு உடைந்துவிடும். அதனால் எக்ஸ்எம்எல்லின்ட் என்ற சோதனைக் கருவி கொண்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அப்புறம் 'ராக்ஸ் கிரியேட் டிஸ்ட்ரோ' கட்டளை, அடிப்படைத் தொகுப்புகளையும் நாம் சேர்த்ததையும் ஒரே களஞ்சியமாக்கும்.

இனி நடப்பதுதான் அழகு. மறுநிறுவலுக்காக நெட்வொர்க் வழியே எழும் (பூட் ஆகும்) கணினி, "நான் என்ன நிறுவ வேண்டும்?" என்று ஃப்ரண்ட்எண்டைக் கேட்கிறது. தயாராக எழுதிவைத்த விடை அங்கே கிடையாது. அந்தக் கணினியின் வகையைப் பார்த்து, எக்ஸ்எம்எல் துண்டுகளைக் கோத்து, கிக்ஸ்டார்ட் கோப்பு, அதாவது நிறுவல் குறிப்பு, அந்த நொடியில் உருவாகிறது. அன்று அணைந்து கிடந்த இரண்டும் மீண்டும் நிறுவப்படும்போது இதே குறிப்பைத்தான் வாங்கிக்கொள்ளும்.

பயனர்களின் ஹோம் அடைவு ஃப்ரண்ட்எண்டில் இருப்பதால் அதற்கு ஆபத்தில்லை. பெரிய மென்பொருள்களை நிறுவவே வேண்டாம் என்பேன். எல்லாக் கணினிக்கும் தெரியும் 'ஷேர்/ஆப்ஸ்' அடைவில் ஒரே பிரதி போதும்.

ராக்ஸ் 7, 2017-இல் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மீது வந்தது. அந்த சென்ட்ஓஎஸ்ஸின் ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது. இன்று பலர் வேர்வுல்ஃப் என்ற இன்னொரு கிளஸ்டர் மென்பொருளின் பக்கம் போய்விட்டார்கள். அதில் மென்பொருளை மையப் படிமத்தில் (முழு இயங்குதளத்தின் ஒரு நகலில்) சேர்த்தால், கணினிகள் எழும்போது அதையே வாங்கிக்கொள்கின்றன.

எதுவானாலும் 64-ஐயும் ஒரே நேரத்தில் அழிக்காதீர்கள். முதலில் 'கம்ப்யூட்-0-0' ஒன்றை மட்டும் மறுநிறுவி, ஆய்வாளரின் நிரலை அதில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மற்ற 63-க்கும் கட்டளை கொடுக்கலாம்.