ஏறும்போது மூச்சு, இறங்கும்போது தொடை

செவ்வாய்க்கிழமை காலை மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கம் இறங்க முதல் படியில் கால் வைத்ததும் இரண்டு தொடையும் சுண்டி இழுத்தன. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். என் மனைவி வழக்கம்போல வேகமாக இறங்கிவிட்டு, கீழே நின்று திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, இன்னுமா வலிக்குது?"

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஒரே பாதையில், ஒரே தூரம் நடந்தவர்கள். ஏற்றத்தில் நான்தான் முன்னால் போனேன். பிறகு எனக்கு மட்டும் ஏன் இந்த வலி? அதுவும், நடந்து முடித்த அன்று இல்லாமல் இரண்டு நாள் கழித்து?

நாங்கள் போனது பண்டார்தராவுக்கு. சனிக்கிழமை தாதரில் கசாரா லோக்கலைப் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் சாம்ரத் கிராமம். இரவு ஒரு வீட்டில் பாக்ரியும் பிட்லாவும் சாப்பிட்டுப் படுத்தோம். மறுநாள் விடிந்ததும் நடை. சாம்ரத்திலிருந்து திரியம்பக் வாசல் வழியாக ரத்தன்கட் கோட்டைக்கு ஏறி, மறுபக்கம் இரும்பு ஏணிகளில் இறங்கி, காட்டு வழியாக ரத்தன்வாடிக்கு வந்து, அப்புறம் ஏரிக்கரை ஓரமாகவே நெடுந்தூரம். ஆர்தர் ஏரி என்று பெயர். பிரவரா ஆற்றுக்குக் குறுக்கே வில்சன் அணையைக் கட்டி 1926-இல் முடித்தபோது உருவான நீர்ப்பரப்பு. அக்டோபரில் அது ததும்பி நிற்கும். சரிவுகளில் சோன்கி பூ மஞ்சள் மஞ்சளாக இருக்கும். சஹ்யாத்ரியை, அதாவது இங்குள்ள மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்க்க இதைவிட நல்ல மாதம் இல்லை என்பது என் எண்ணம்.

கோட்டை உச்சி சுமார் 1,300 மீட்டர் உயரம். ஊரிலிருந்து கணக்குப் போட்டால் ஏற்றம் 500 மீட்டருக்குக் குறையாது. பாறையில் வெட்டிய படிகள் முழங்கால் உயரம். ஏறும்போது மூச்சு வாங்கியது, சட்டை நனைந்தது, பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். இறங்கும்போது பேசிக்கொண்டே வந்தோம். யாரைக் கேட்டாலும் ஏறுவதுதான் கஷ்டம் என்பார்கள். வெள்ளியங்கிரி போய்வந்தவர்களைத் தவிர. ஏழு மலையும் ஏறிவிட்டுத் திரும்பும்போதுதான் கால் கிடுகிடுவென நடுங்கும் என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதே சரி.

காரணம் தசை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. தொடையின் முன்பக்கம் இருக்கும் பெரிய தசைக்கு முழங்காலை நீட்டுவதுதான் வேலை. படி ஏறும்போது அது சுருங்கி, முழங்காலை நிமிர்த்தி, உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது முழங்கால் மடங்க வேண்டும். ஆனால் தசை சும்மா விட்டுவிட்டால் நாம் அப்படியே சரிந்து விழுவோம். அதனால் அது இறுக்கிப் பிடித்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு கொடுக்கிறது. கிணற்றில் நிறைகுடத்தை மெதுவாக உள்ளே இறக்குபவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நழுவ விடுவாரே, அது மாதிரி.

இப்படி நீண்டுகொண்டே தாங்கும் தசைக்குச் செலவு மிகக் குறைவு. 1952-இல் லண்டனில் அப்பாட், பிக்லேண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே செயினால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவரின் பெடல் பின்னோக்கிச் சுழலும்; அவர் அதை எதிர்த்து அழுத்த வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான். ஆனால் மிதிப்பவர் இழுத்த ஆக்சிஜனில் சில மடங்கு குறைவாகவே எதிர்ப்பவருக்குத் தேவைப்பட்டது. ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உருவம் கொண்ட ஒரு பெண் எதிர்த்து அழுத்தியே பெரிய ஆண் ஒருவரைக் களைக்க வைத்தார். நாங்கள் இறங்கும்போது பேச முடிந்ததற்கு இதுதான் விளக்கம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அப்போது பெரிய வேலை இல்லை.

சரி, ஏறும்போது சேர்த்த ஆற்றல் எங்கே போகும்? 65 கிலோ உடம்பை 500 மீட்டர் தூக்குவது என்றால் ஏறக்குறைய 76 கிலோகலோரி. ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம் அது. இறங்கும்போது அத்தனையும் திரும்ப வெளியே வந்தாக வேண்டும். இன்றைய மும்பை லோக்கலில் பிரேக் போட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை மேலே இருக்கும் கம்பிக்குத் திருப்பி அனுப்பிவிடும். காலுக்கு அந்த வசதி கிடையாது. கசாரா மலைப்பாதையில் இறங்கும் லாரியின் பிரேக்கைப் போல, பெரும்பகுதியைத் தொடையே வெப்பமாக விழுங்க வேண்டும். லாரி டிரைவர்களுக்கு பிரேக் லைனர் கருகும் வாசனை தெரியும். நமக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை, அன்றைக்கு.

தசை இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால், சார்கோமியர் என்ற நுண்ணிய கட்டங்கள் ரயில் பெட்டிகள் போல வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்குதான் நீளம். அதற்குள் ஆக்டின் என்ற மெல்லிய புரத இழையும் மயோசின் என்ற தடித்த இழையும் இருக்கின்றன. மயோசினின் தலைகள் ஆக்டினைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுதான் தசைச் சுருக்கம். ஒவ்வொரு பிடியையும் விட்டு மறுபடி பிடிக்க ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும். இறங்கும்போது நம் எடை அந்தப் பிடியைப் பிய்த்து எடுத்துவிடுகிறது. பிடி தானாக விடுபடுவதால் ஏ.டி.பி. மிச்சம். கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஜெயிக்கிற அணிக்கு மூச்சு முட்டும். தோற்று இழுபடுகிற அணிக்கு உள்ளங்கை உரியும்.

இன்னொரு விஷயம், இறங்கும்போது மூளை தசையின் குறைவான இழைகளையே வேலைக்கு அழைக்கிறது. அந்தச் சில இழைகள் மேல் பாரம் அதிகம். அதிலும் எல்லாக் கட்டங்களும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. பலவீனமான கட்டம் முதலில் அளவுக்கு மீறி நீண்டுவிடும். சில, காலைத் தளர்த்திய பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பாது. இப்படி ஆயிரக்கணக்கான படிகள். கடைசியில் இழையின் சவ்வில் கசிவு ஏற்பட்டு, கால்சியம் தேவையில்லாத இடத்தில் புகுந்து, புரதங்கள் சிதையத் தொடங்கும்.

வலி தாமதமாவதும் இதனால்தான். சிதைந்ததை அப்புறப்படுத்த நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர வேண்டும், வீக்கம் வர வேண்டும், அங்கே சுரக்கும் வேதிப்பொருட்கள் தசையைச் சுற்றிய உறையில் இருக்கும் நரம்பு நுனிகளைக் கூர்மையாக்க வேண்டும். அதற்கு ஒரு நாளாவது ஆகும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். சும்மா உட்கார்ந்திருந்தால் வலிக்காது, அழுத்தினாலும் அசைத்தாலும் வலிக்கும் என்பதும் இந்த நரம்பு நுனிகளால்தான்.

லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று ஜிம்மில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. லாக்டேட் அதிகமாக உருவாவது ஏற்றத்தில். ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அநேகமாக இரத்தத்திலிருந்து போய்விடும். செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காது.

அப்படியானால் என் மனைவிக்கு ஏன் வலிக்கவில்லை? எங்கள் வீடு ஏழாவது மாடி. உடற்பயிற்சி என்று நான் தினமும் படியேறிப் போவேன், இறங்கும்போது லிஃப்ட். அவளுக்குக் காலையில் லிஃப்டுக்காக நிற்கப் பொறுமை கிடையாது. படியில் இறங்கி ஓடுவாள். மாலையில் கையில் காய்கறிப் பை, அதனால் லிஃப்ட். நான் ஒரு வருடமாக என் இதயத்தைப் பழக்கியிருக்கிறேன். அவள், தெரியாமலேயே, தன் தொடையின் பிரேக்கைப் பழக்கியிருக்கிறாள். நீண்டு தாங்கும் வேலையை ஒரே ஒருமுறை செய்தாலும் தசை தன்னைத் திருத்திக்கொள்கிறது. அடுத்தமுறை அதே வேலைக்குச் சேதமும் வலியும் வெகுவாகக் குறையும். அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும்.

தைவானில் உடல்பருமன் உள்ள முதிய பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, 12 வாரம் ஒரு குழுவைப் படி ஏற மட்டும், மற்றதை இறங்க மட்டும் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் நோசாகாவும் பங்கேற்ற ஆய்வு, 2017-இல் வெளியானது. தொடைத் தசையின் பலம் இறங்கிய குழுவுக்கே அதிகம் கூடியது. இதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. மூச்சு வாங்கும் என்று பயந்து நடையையே விட்டுவிட்ட எத்தனையோ அப்பா அம்மாக்களுக்கு இது திறந்த கதவு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு, கைப்பிடியை விடாமல் இறங்க வேண்டும்.

மலையில் இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முழங்கால் மடங்கும் அளவு குறையும். வெள்ளியங்கிரி மூங்கில் தடி வெறும் சம்பிரதாயம் இல்லை, எடையில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றிக்கொடுக்கும். வலி மூன்று நான்கு நாளில் வடியும், அதுவரை மெதுவான நடை போதும். ஆனால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. தசை கடுமையாகச் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிசம்பரில் கல்சுபாய் போகிறோம். மகாராஷ்டிராவின் மிக உயர்ந்த சிகரம், 1,646 மீட்டர். மூன்று வாரமாக நானும் காலையில் அவளோடு படியில் இறங்குகிறேன். முதல் வாரம் கெண்டைக்காலில் லேசான வலி இருந்தது. இந்த வாரம் இல்லை.