அக்ரி சேரும் முன் கல்லூரிப் பண்ணையைப் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், எங்கள் வேளாண் விரிவாக்க மையத்துக்கு விதை வாங்க வருகிற விவசாயிகள் கூடவே கேட்கிற கேள்வி, "பிள்ளைய பி.எஸ்சி. அக்ரி சேத்துடலாமா சார்?" என்பது. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எப்படி, முடித்தால் வேளாண்மை அலுவலர் வேலை கிடைக்குமா என்று மட்டும்தான் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். அந்தக் கல்லூரிக்கு எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறதா, இப்போது அங்கே என்ன பயிர் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

நான்கு வருடம், எட்டு செமஸ்டர். உழவியல், மண்ணியல், பூச்சியியல், நோயியல், மரபியல், தோட்டக்கலை, பொருளாதாரம், விரிவாக்கம், புள்ளியியல் என்று பாடம் நிறைய. உழவியல் செய்முறைக்கு மாணவர்களுக்குப் பாத்தி ஒதுக்குவார்கள்; நாற்று நடுவதிலிருந்து களை எடுத்து, உரம் போட்டு, அறுத்து மகசூல் கணக்குப் போடுவது வரை அவர்கள் பொறுப்பு. கோவை, மதுரை, கிள்ளிகுளம் மாதிரி பழைய அரசுக் கல்லூரிகளில் இதற்கு வசதி உண்டு, தனியாரிலும் நல்ல பண்ணை வைத்து நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே வயலை எல்லா வகுப்புக்கும் தூரத்திலிருந்து காட்டிவிட்டு, சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுத வைத்து முடித்துவிடுகிற இடங்களும் உண்டு. அங்கே போகிற பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

என்ன நஷ்டம் என்றால், சம்பாவில் பயிர் வட்ட வட்டமாகக் காய்கிறது என்று ஒரு விவசாயி வந்து நிற்பார். வரப்பில் நின்று பார்த்து எதையும் சொல்ல முடியாது. சேற்றில் இறங்கி, குத்தை, அதாவது ஓரிடத்தில் சேர்த்து நட்ட பயிர்க் கொத்தை, இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பயிரின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறத்தில் சின்னப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தால் அது புகையான். உடனே மருந்து எழுதிவிடக் கூடாது, புகையானைப் பிடித்துத் தின்கிற சிலந்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலந்தி இல்லையென்றால் தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, 1 பூச்சி என்பதே பொருளாதாரச் சேத நிலை, அதாவது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அவசரப்பட்டு செயற்கை பைரித்ராய்டு மருந்தை அடித்தால் சிலந்தி செத்து, புகையான் முன்பைவிடப் பெருகும். தண்ணீரை வடித்து, யூரியாவை நிறுத்தி, அப்புறமும் தேவைப்பட்டால்தான் சரியான மருந்தைப் பயிரின் அடியில் படும்படி அடிக்கச் சொல்ல வேண்டும். இதெல்லாம் பூச்சியியல் புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருப்பார்கள், ஆனால் குத்தை விலக்கிப் பார்த்துப் பழகாத கைக்கு வயலில் அது வராது.

நான்காம் வருடம் வருகிற ராவே, அதாவது கிராமத்தில் தங்கிப் படிக்கிற காலம், என்னைக் கேட்டால் இந்தப் படிப்பிலேயே பெரிய வாய்ப்பு. ஊர் நடுவில் கலர் கோலப்பொடியால் தெரு, குளம், வயல் எல்லாம் வரைந்து அந்த ஊரின் வள வரைபடம் போடுவார்கள். உப்புக் கரைசல் சரியான அளவில் இருக்கிறதா என்று முட்டையை மிதக்கவிட்டுப் பார்த்து, அதில் நெல்லைக் கொட்டிப் பதரைப் பிரித்துக் காட்டுவார்கள். நல்ல விஷயம்தான். போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து, போன போகத்தில் உரத்துக்கு எவ்வளவு ஆனது, நடவுக்கு ஆள் கிடைத்ததா, கடன் எங்கே வாங்கினீர்கள் என்று பேச்சுக் கொடுங்கள். கரைசலில் ஊறிய விதையை நல்ல தண்ணீரில் அலசாமல் விதைத்தால் முளைப்பு கெடும் என்பதை அந்த வீட்டு அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டு வந்தீர்கள் என்றால், அடுத்த போகத்துக்கும் அது அந்தக் குடும்பத்துக்கு உதவும்.

சேரும் முன் இன்னும் சில. கல்லூரிக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, எந்த வருடம் வரை இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், அது இல்லையென்றால் மேற்படிப்புக்குப் போகும்போது சிக்கல் வரும். தபாலில் அக்ரி டிகிரி என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். தொலைதூர முறையில் வேளாண் பட்டம் நடத்த யுஜிசி அனுமதி இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பி.எஸ்சி. அக்ரிக்கும் உண்டு, தவறவிடாதீர்கள்.

வேலை விஷயத்தில் டிஎன்பிஎஸ்சியை மட்டும் நம்பி வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐபிபிஎஸ் தேர்வு இருக்கிறது, விதை நிறுவனங்கள் இருக்கின்றன. சொந்தமாக நாற்றங்கால், மண் பரிசோதனைக் கூடம், இயந்திர வாடகை மையம் என்று தொடங்க 2002-இலிருந்து மத்திய அரசின் அக்ரி கிளினிக் திட்டம் இருக்கிறது. இலவசப் பயிற்சி கொடுக்கிறார்கள், தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடனோடு 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம். உங்கள் மாவட்டத்து நபார்டு வங்கி அலுவலகத்தில் விசாரித்தால் பயிற்சி எங்கே நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.