தாத்தா பிறந்தது எந்த ஊரில்? பிரெஞ்சுக் குடியுரிமைக் கோப்புக்கு முன் பார்க்க வேண்டியவை

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை கோரும் குடும்பங்கள் பலவும் தாத்தாவின் பட்டாளத்துப் பென்ஷன் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுகின்றன. சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு என்றால் குடியுரிமை தானாக வரும் என்று நம்பிக்கை. ஆனால் கோப்பு நிற்பதும் விழுவதும் வேறு கேள்வியில்: 1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே குடியிருந்தார், அவர் பிறந்தது எந்த ஊரில்?

இந்தத் தேதி இரண்டு தலைவர்களின் இழுபறியில் பிறந்தது. 1954 மே மாதம் வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியென் பியென் பூ வீழ்ந்தது. ஜூனில் பிரான்சின் பிரதமரான மாந்தேஸ் பிரான்ஸ், இந்தோசீனப் போரை முடித்த கையோடு நேருவுடன் புதுச்சேரிக் கணக்கையும் தீர்த்தார். மக்கள் சம்மதமில்லாமல் மண்ணைக் கொடுக்கக் கூடாது என்றது பிரெஞ்சு அரசியல் சட்டம். நேருவோ பொதுவாக்கெடுப்புக்கு இணங்கவில்லை. நடுவழிதான் புதுச்சேரிக்கு அருகே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் மட்டும் போட்ட வாக்கு. அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அதே நாளில் அல்ஜீரியாவில் போர் வெடித்தது! அல்ஜீரியாவை விடமாட்டோம் என்று நிற்கும் பாராளுமன்றத்தில் புதுச்சேரியை விடும் ஒப்பந்தத்தை வைக்க யாருக்குத் துணிவு வரும்? 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம், அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகு, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அமலுக்கு வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் ஆட்சி இந்தியாவுடையது, சட்டப்படி மண் பிரான்சுடையது.

ஒப்பந்தப்படி, புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாமில் பிறந்து அங்கேயோ இந்தியாவின் வேறு பகுதியிலோ குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியர் ஆனார்கள். வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் 'ஒப்சியோன்'. சைகோனிலோ பிரான்சிலோ குடியிருந்தவர்கள் எழுதித் தராமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார்கள்.

இந்த நான்கு ஊர்களுக்கு வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிகளை ஒப்பந்தத்தின் அந்த விதி தொடவில்லை. இங்கேதான் தாய்வீட்டுப் பிரசவம் குறுக்கே வருகிறது. கடலூரில் தலைப்பிரசவம், புதுச்சேரியில் இரண்டாவது என்றால், 1962-இல் வயது வந்தவர்களாக இருந்த அந்த அண்ணன் தம்பி இருவருக்கும் முடிவு வேறு வேறு. அதனால் பென்ஷன் புத்தகத்துக்கு முன் பிறப்புப் பதிவைத் தேடுங்கள்.

பிறகு ஒப்சியோன் நகல், அல்லது 1962-இல் குடியிருந்த இடத்துக்குச் சான்று. அடுத்து ஒவ்வொரு தலைமுறைக்கும் திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கோப்பு திரும்பிவரும். கோயிலில் நடந்து பதிவாகாத கல்யாணம், பல ஆண்டு கழித்து நீதிமன்ற உத்தரவால் பதிந்த பிறப்பு, பத்திரத்துக்குப் பத்திரம் மாறும் பெயர் எழுத்து ஆகியவை சந்தேகத்தைக் கிளப்பும்.

இடைத்தரகர்கள் சொல்லாதது ஒன்று உண்டு. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 பிரிவுப்படி, முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் நிலைத்துவிட்டு, விண்ணப்பதாரரும் அவருக்குக் குடியுரிமை தர வேண்டிய பெற்றோரும் பிரெஞ்சுக்காரராக நடந்துகொள்ளவில்லை என்றால், வம்சாவளியை நிரூபிக்கவே அனுமதி இல்லை. நடந்துகொள்வது என்றால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, வாக்காளர் அட்டை போன்றவை. 1962 ஆகஸ்டிலிருந்து புதுச்சேரி பிரான்சுக்கு வெளிநாடு என்பதால், இங்குள்ள குடும்பங்களுக்கு அந்த ஐம்பது ஆண்டு 2012 ஆகஸ்டிலேயே முடிந்தது. பழைய தூதரகக் காகிதம் ஒன்றாவது வீட்டுப் பெட்டியில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் பிறந்து வாழ்பவருக்குக் குடியுரிமைச் சான்று தருவது பாரிஸ் நீதிமன்றம். தூதரகத்தில் 'ஆள் இருக்கிறார்' என்பவரை நம்ப வேண்டாம்.