சிமென்ட் ஆலைக்கு கார்பன் இலக்கு: புதிய விதி என்ன சொல்கிறது, எந்த வழி உண்மையில் பலன் தரும்?

2025 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதியை அறிவித்தது. அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி (உப்பிலிருந்து காஸ்டிக் சோடா, குளோரின் எடுப்பது), காகிதக்கூழ் மற்றும் காகிதம் என்ற நான்கு துறைகளில் 282 ஆலைகளுக்கு, ஒரு டன் பொருள் தயாரிக்க எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளிவரலாம் என்று ஆலைவாரியாக இலக்கு குறித்திருக்கிறது. இதில் 186 சிமென்ட் ஆலைகள். அரியலூர் மாதிரி சிமென்ட் ஆலைகள் நெருங்கி நிற்கும் மாவட்டத்துக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இதன் அடிப்படை 2023 ஜூனில் மின்துறை அமைச்சகம் கொண்டுவந்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம். 2023-24ஆம் ஆண்டு ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு வெளியிட்டது என்பது தொடக்கக் கணக்கு. அதிலிருந்து 2025-26லும் 2026-27லும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று இலக்கு. அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பு நிறுவனம் வந்து கணக்கைப் பார்க்கும், நிர்வாகம் பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் அமைப்பின் கையில்.

கணக்கு எளிதுதான். ஓர் ஆலையின் இலக்கு, ஒரு டன் சிமென்டுக்கு 0.70 டன் வாயு என்று வைத்துக்கொள்வோம். அது 0.68ல் முடித்து, ஆண்டுக்கு 10 லட்சம் டன் உற்பத்தி செய்தால் 20,000 சான்றிதழ் கிடைக்கும். ஒரு சான்றிதழ் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. அதை விற்கலாம், அடுத்த சுற்றுக்குச் சேர்த்தும் வைக்கலாம். இலக்கைவிட அதிகம் வெளியிட்ட ஆலை, அந்த அதிக அளவுக்குச் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்ய வேண்டும். அதையும் செய்யாவிட்டால், சான்றிதழ் சராசரியாக விற்ற விலையைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு. அதை 90 நாளுக்குள் கட்ட வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இலக்கு டன்னுக்கு இவ்வளவு என்பதுதான், ஆலை மொத்தமாக இவ்வளவுதான் வெளியிடலாம் என்பதல்ல. உற்பத்தியை இரட்டிப்பாக்கிய ஆலை, டன் கணக்கில் கொஞ்சம் குறைத்திருந்தால் இலக்கை எட்டிவிடும், ஆனால் வானத்துக்குப் போகும் வாயு முன்பைவிடக் கூடியிருக்கும். கட்டுமானம் பெருகும் நாட்டில் முதல் படி இப்படித்தான் இருக்க முடியும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் "இலக்கு எட்டிவிட்டோம்" என்று ஓர் ஆலை சொன்னால், மொத்த அளவு என்ன ஆச்சு என்றும் கேட்க வேண்டும்.

சரி, குறைப்பது எப்படி? சிமென்டில் பெரிய பங்கு எரிபொருளிலிருந்து வருவதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு கிளிங்கர் (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி) செய்யும்போது, கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடே பிரிந்து வெளியேறுகிறது, ஒரு டன் கிளிங்கருக்கு 500 கிலோவுக்கு மேல். நிலக்கரியை முழுசாக நிறுத்தினாலும் அது நிற்காது. அதனால்தான் கூரையில் சோலார் போட்ட படத்தை மட்டும் காட்டும் ஆலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சோலார் நல்லதுதான், சூளையின் கழிவு வெப்பத்தில் மின்சாரம் எடுப்பதும் நல்லதுதான், முதலீடும் திரும்பிவிடும், ஆனால் இரண்டும் தொடுவது மின்சாரப் பங்கை மட்டும்.

பெரிய குறைப்பு கிளிங்கரைக் குறைப்பதில் இருக்கிறது. கடையில் பிபிசி என்று கேட்டு வாங்குகிறோமே, உலர் சாம்பல் கலந்த அந்த சிமென்டில் சாம்பல் 35 சதவீதம் வரை இருக்கலாம். இரும்பு உலைக் கசடு கலந்த வகையில் கசடு 70 சதவீதம் வரை போகலாம். இரண்டுமே ஏற்கெனவே தரக்கட்டுப்பாட்டில் உள்ளவை. ஆனால் சாம்பல் வருவது அனல்மின் நிலையத்திலிருந்து, கசடு வருவது நிலக்கரி எரிக்கும் ஊதுலையிலிருந்து. நாளைக்கு அவை குறையும்போது இந்த மூலப்பொருளும் குறையும். நீண்டகாலத்துக்கு நான் நம்புவது சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துச் செய்யும் எல்சி3 வகை சிமென்டை. கிளிங்கர் ஏறக்குறைய பாதி போதும். களிமண்ணைச் சுட 800 டிகிரி அளவு போதும், கிளிங்கருக்கோ 1,450 வேண்டும். இந்த ஆராய்ச்சியில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்கு உண்டு. 2023ல் இதற்கு இந்தியத் தர விதியும் வந்துவிட்டது, ஐ.எஸ். 18189. இனி அரசு டெண்டர்களில் இந்தப் பெயர் இடம்பெற வேண்டும், பொறியாளர்கள் கேட்டு வாங்கவும் வேண்டும்.

நிலக்கரிக்குப் பதில் நகராட்சிக் குப்பையில் பிரித்த எரிபொருள் போடுவதும் நடக்கிறது. குப்பை மேடு குறையும், சரி. ஆனால் அதில் இருக்கும் பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்தில் பிறந்ததுதான், எரித்தால் அந்தக் கார்பனும் வெளியே வரும். விவசாயக் கழிவு அப்படியல்ல, அதன் கார்பன் பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதான். மாட்டுத் தீவனத்தைப் பறிக்காதவரை அது நல்ல வழி. கடைசியாக, புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடித்துச் சேமிப்பது: சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதில் மிச்சமாகும் பகுதிக்கு ஒருநாள் இது தேவைப்படும், ஆனால் நிறைய மின்சாரம் தின்னும், விலையும் அதிகம். மலிவான வழிகளை முடிக்காமல் இதைப் பேசுவது காலத்தைத் தள்ளிப்போடுவது என்றே எனக்குப் படுகிறது.

அப்புறம் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. இந்த விதி பசுமை இல்ல வாயுவை மட்டும்தான் அளக்கிறது. வீட்டுத் திண்ணையில் படியும் தூசி இதில் வராது. அதற்குத் தனி வரம்பு உண்டு, புகார் போக வேண்டிய இடம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கார்பன் சான்றிதழ் வைத்திருப்பதாகச் சொல்லி ஓர் ஆலை அந்தப் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது.