புகை இல்லாத புகையிலை

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மாமா பீடியை விட்டுவிட்டார். இப்போது வெற்றிலை பாக்கோடு புகையிலை மட்டும் போடுகிறார். ‘புகைதானே கெடுதல், இது வெறும் இலை’ என்கிறார். சரியா?”

முதலில் புகையைப் பார்த்துவிடுவோம். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் எழுபதுக்கும் மேல். எனக்கு அதில் ஒன்றின் மீதுதான் கண்: பென்சோபைரீன். இலையோ விறகோ, எது அரைகுறையாக எரிந்தாலும் வரும். ஐந்து பென்சீன் வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு, தேனடையில் பிய்த்த துண்டு மாதிரி. வேடிக்கை என்னவென்றால், உள்ளே வரும்போது அது சாது. டி.என்.ஏ. பக்கத்திலேயே போய் நின்றாலும் ஒட்டாது.

அதைக் கெடுப்பது நம் உடம்புதான். பென்சோபைரீன் தண்ணீரில் கரையாது, கரையாததை வெளியே தள்ளுவது கஷ்டம். அதனால் சைட்டோகுரோம் பி450 என்ற நொதி அதன்மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றுகிறது. இன்னொரு நொதி வந்து தண்ணீர் சேர்க்கிறது. இதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். பி450 விடுவதில்லை, திரும்ப வந்து இன்னோர் ஆக்சிஜனைச் செருகுகிறது. இப்போது உருவாகும் மூன்று மூலை வளையம் வளைத்துக் கட்டிய மூங்கில்போல விறைத்து நிற்கும், எதையாவது பற்றிக்கொண்டு பிரியத் துடிக்கும். பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். தப்பியது டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினைப் பிடித்துக்கொள்கிறது. செல் அதைப் பழுதுபார்க்கத் தவறினால், நகலெடுக்கும் நொதி குழம்பி, குவானின் இருந்த இடத்தில் கடைசியில் தைமின் என்ற வேறோர் எழுத்து வந்து உட்காரும். ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவுதான்.

செல் கண்டபடி பெருகாமல் பிரேக் போடும் மரபணு பி53. பென்சோபைரீன் அதில் எங்கெங்கே ஒட்டுகிறது என்று 1996இல் குறித்துப் பார்த்தார்கள். 157, 248, 273 என்ற இடங்கள் வந்தன. நுரையீரல் புற்றுக் கட்டிகளில் அந்த மரபணு அடிக்கடி பழுதாகியிருந்ததும் அங்கேதான்! 2016இல் வந்த இன்னோர் ஆய்வின் கணக்கு: தினம் ஒரு பாக்கெட் சிகரெட், ஒரு வருடம் பிடித்தால், நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிழைகள். அடிப்படை ஆராய்ச்சிக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. தலையெழுத்து என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியது அந்தக் காசுதான்.

சரி, மாமாவுக்கு வருவோம். மெல்லும் புகையிலைக்கு நெருப்பே தேவையில்லை. இலையை உலர்த்திப் பாடம் போடும்போதே அதிலுள்ள நிகோட்டினிலும் அதன் பங்காளிகளிலும் ஒரு பகுதி, நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களாக மாறிவிடுகிறது. அவற்றையும் கூர்தீட்டிக் கொடுப்பது அதே பி450 குடும்பம். கூடப் போடும் பாக்கும் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும்.

மாமா எந்தக் கன்னத்தில் அதக்கி வைக்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால், அடுத்த நாளே பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.